விழுப்புரத்து சோபா

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பொன்னி அந்த சோபாவில் முட்டியை இடித்துக்கொண்டாள். ஐந்து நாளில் இது எட்டாவது இடி.

“யம்மா...!”

“கவரு கிழிஞ்சிடுச்சா பாரு!” என்றான் விருத்தாசலம், பாயில் படுத்தபடியே.

முட்டியைப் பற்றி அவன் விசாரிக்கவில்லை. முட்டி சொந்த முட்டி; சோபா அக்காவுடையது. விழுப்புரத்தில் இருக்கும் அவனுடைய அக்கா மலர்விழி ஆறு வருடத்துக்கு முன் வாங்கியது. கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கவரை அவள் இன்றுவரை பிரிக்கவில்லை. அப்படிப்பட்ட சோபா போன வியாழக்கிழமை குட்டி யானை சரக்கு வண்டியில் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, திண்டிவனத்தில் ஒரு காலனி வீட்டின் ஒரே அறைக்குள் வந்து அடைந்திருந்தது. கூடவே ஒரு ஃபிரிட்ஜ். மிச்சமிருந்த இடத்தில் மூன்று மனிதர்கள் வசித்தார்கள். சோபாவில் உட்கார யாருக்கும் அனுமதி இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் கலையரசி. பொன்னிக்கும் விருத்தாசலத்துக்கும் ஒரே மகள். அரசுக் கல்லூரியில் தாவரவியல் முடித்தவள். வருடத்தில் ஏழு மாதம் குளிரடிக்கிற ஓர் ஐரோப்பிய நாட்டில், ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? போக, தங்க, தின்ன வேண்டாமா? அதற்கென்று அவர்களே ஓர் உதவித்தொகை வைத்திருந்தார்கள். ஏழை நாடுகளிலிருந்து, அதிலும் ஏழைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு. உலகம் முழுக்கத் தேடி வருடத்துக்குப் பன்னிரண்டு பேர். கலையரசி கடைசி இருபது பேருக்குள் வந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றுதான். வீடியோ காலில் வீட்டைப் பார்ப்பார்கள், குடும்பத்தோடு பேசுவார்கள்.

வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு சடங்கு. பெண் பார்க்கும் சடங்கு.

“ஏழைன்னு எழுதிக் குடுத்துட்டோம், சரி. அதுக்காக ஏழையாவே காட்டிக்கணுமாடா?” என்று கேட்டாள் மலர்விழி. விருத்தாசலத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. வானூர்ப் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன் அவன். ஏழையாக இருப்பதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்பதுதான் வருத்தம். ஆக, சோபா வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது. கலையரசிக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. போனில் இருப்பவர் குடிக்க முடியாது என்று தெரிந்தும் காபிக்குப் பால் வாங்கப்பட்டது.

அந்த வியாழக்கிழமை பொன்னி வேலையிலிருந்து வந்து சேரும்போது மணி ஒன்று இருபத்தைந்து. அவள் வேர்க்கடலை உரிக்கப் போகிற மல்லாட்டை மண்டியில் லோடு இறங்கியிருந்தது, மேஸ்திரி விடவில்லை. தலையிலிருந்து கால்வரை மல்லாட்டைத் தோல் தூசியோடு ஓடி வந்தாள். ஒன்றரைக்கு வீடியோ கால்.

“ஐயய்யோ, இந்தக் கோலத்துலயா உக்காருவ?” என்றாள் மலர்விழி. “நேரமில்ல... நான் உக்காந்துக்கறேன். நீ உள்ள போயி காபியப் போடு, ஜல்தி!”

அப்படித்தான் அந்த வீட்டில் அம்மா மாறியது. மலர்விழி பட்டுப்புடவையோடு சோபாவில் அமர்ந்து “மதர்” என்றாள். பொன்னி தட்டோடு வந்தாள். அது யார் என்று போனிலிருந்த மேடம் கேட்டார். மலர்விழி ஒரு நொடி தடுமாறி, “ஹெல்ப்பர்... ஹெல்ப்பர்” என்றாள்.

ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒரே ஆள் கலையரசி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னி பத்தாவது வரைக்கும் படித்தவள். ‘மதர்’ தெரியும். ‘ஹெல்ப்பர்’ தெரியாமல் இருக்குமா? மண்டியில் அவளுடைய உத்தியோகத்துக்கே அதுதான் பெயர். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது செவ்வாய்க்கிழமை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே அவள் உலை வைத்தபோது, வாசலில் போனோடு நின்ற கலையரசி, “அம்மா...” என்றாள். குரலே சரியில்லை.

“இன்னாடி?”

“மெயில் வந்துருக்குது.”

விருத்தாசலம் எழுந்து உட்கார்ந்தான். “படி, படி!”

கலையரசி படித்துத் தமிழில் சொன்னாள். வருமானச் சான்றிதழில் இருப்பதும் வீடியோவில் பார்த்ததும் ஒத்துப்போகவில்லையாம். சோபா இருக்கிறது. ஃபிரிட்ஜ் இருக்கிறது... அவள் வாய் நின்றது. கண் மட்டும் ஒரு வரி ஓடியது. பிறகு வாய் மறுபடி கிளம்பியது. இன்றைக்கு ஒன்றரைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். சரியான விளக்கம் தராவிட்டால் உதவித்தொகை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“நடுவுல ஒண்ண வுட்டுட்டியே, இன்னா அது?” என்றாள் பொன்னி.

“ஒண்ணுமில்லம்மா.”

ஒன்றுமில்லாததற்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்? பொன்னி அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே இன்னொரு தரம் களைந்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் விழுப்புரம் பஸ் மலர்விழியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. செய்தி போனிலேயே போயிருந்தது. வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. போனைப் பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘ஹெல்ப்பர்’ என்ற வார்த்தையில் நின்றாள். முகம் சிவந்தது.

“பாத்தியாடா விருத்தா! உம் பொண்டாட்டி பண்ண வேலைய! வூட்ல வேலைக்காரி வெச்சிருக்கீங்களேன்னு கேட்டு எழுதியிருக்காங்கடா!”



“அத்த... வேணாம் அத்த...” என்றாள் கலையரசி.

“நீ சும்மா இரு! நான் காபி போடச் சொன்னேன்... மூஞ்சியக் காட்டச் சொன்னனா? அந்தப் புடவையோட, அந்தத் தலையோட! சோபாவ மன்னிச்சிருப்பாங்க. ஃபிரிட்ஜ மன்னிச்சிருப்பாங்க. வேலைக்காரி வெச்சிருக்கறவளுக்கு எவன் குடுப்பான் உதவித்தொக? பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ண வாரிப் போட்டுட்டியே பொன்னி!”

பொன்னி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் ஃபிரிட்ஜைப் பார்த்தான். மகளைப் பார்த்தாள். அவள் பார்க்க ஏதும் கிடைக்காமல் அழுதாள்.

அந்த வீட்டில் அழுவதற்கு இருந்த ஒரே தனியிடம் சமையல்கட்டு. பொன்னி அங்கேதான் இருந்தாள். ஆனால் அழவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். மல்லாட்டைத் தோல் உரித்து உரித்து நகக்கண்ணெல்லாம் செம்மண் நிறம். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. இருபத்து மூன்று வருடமாக இந்தக் கையால் பிசைந்ததைத்தான் இந்த வீட்டில் தின்றார்கள். இந்தக் கையைத்தான் கலையரசி பள்ளிக்கூட வாசல்வரைக்கும் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது அது ஓர் ஆங்கில மெயிலில் வேலைக்காரியின் கை!

“சரி அண்ணி,” என்றாள். “ஆனது ஆயிடுச்சி. இப்ப இன்னா பண்ணணும்?”

மலர்விழியிடம் யோசனைக்கு எப்போதும் பஞ்சமில்லை. “இவ பக்கத்து வூட்டுக்காரி, பொண்ணு மேல இருக்கற பாசத்துல சும்மா ஒத்தாசைக்கு வந்தா, கூலியெல்லாம் இல்லன்னு சொல்லிடலாம். இவளே அவங்ககிட்ட சொல்லட்டும். கலை இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லும். அம்மா நான்தான், அது அப்படியே இருக்கட்டும். மறுபடியும் மாத்துனா பேஜாரு.”

“அக்கா, அது...” என்று ஆரம்பித்தான் விருத்தாசலம்.

“இன்னாடா அது? மாப்ள வூட்டுக்காரங்க வந்து வெறும் தரையப் பாத்துட்டுக் காபி கூடக் குடிக்காம எழுந்து போனாங்களே, அது உனக்கா நடந்துச்சி? எனக்குடா! மூணு தரம்! அன்னிக்கி ஒரு நாற்காலி இருந்திருந்தா...” அவள் குரல் சட்டென்று உடைந்தது. உடைந்ததை அவளே மிதித்து உள்ளே தள்ளினாள். “பாக்க வர்றவங்களுக்கு வெறும் வூட்டக் காட்டக்கூடாது. அவ்ளோதான்.”

விருத்தாசலம் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அதில் நீண்ட பயிற்சி இருந்தது.

“நான் சொல்றேன் அண்ணி,” என்றாள் பொன்னி.

கலையரசி நிமிர்ந்தாள். “அம்மா!”

“இன்னாத்துக்குக் கத்தற? பக்கத்து வூட்டுக்காரின்னு சொன்னா நான் பக்கத்து வூட்டுக்குப் போயிடுவனா? ரெண்டு நிமிசம் சொல்லப் போறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளிடம் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தட்டு எடுத்துக்கினு வந்தப்ப... நீ என்னப் பாத்த தானே?”

கலையரசி போனுக்கு சார்ஜர் தேடினாள்.

அன்றைக்குப் பொன்னி மண்டிக்குப் போகவில்லை. வீட்டில் நான்கு பேரும் நடந்தார்கள். நடக்க இடமில்லாததால் முறைவைத்து நடந்தார்கள். மலர்விழி சோபா கவரை இரண்டு முறை துடைத்தாள். விருத்தாசலம் வாசலுக்கும் ஃபிரிட்ஜுக்குமாக அலைந்து, நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். பதினொன்றுக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டுக்கு வந்தது. கலையரசியின் போன் இருபது சதவீதத்திலிருந்து ஏறுவதற்குள் பொன்னி பக்கத்து வீட்டுக்காரியாக நின்று பார்த்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சரியாக ஒன்றரைக்கு கால் வந்தது.

திரையில் அதே மேடம். கறுத்த முகம், குட்டையாக வெட்டிய தலைமுடி, கண்ணாடி. வெளிநாட்டு மாணவர்களுக்கான உதவி அலுவலகத்தில் அதிகாரி. பெயர் வஞ்சிரு. கென்யாவிலிருந்து அங்கே படிக்கப் போய், அங்கேயே வேலையில் சேர்ந்தவர் என்று கலையரசி சொல்லியிருந்தாள்.

வணக்கமெல்லாம் முடிந்ததும் அவர் நேராகக் கேட்டார்: “போன முறை காபி கொண்டுவந்த பெண்மணி இருக்கிறாரா?”

பொன்னி போன் முன்னால் வந்தாள். சோபாவில் மலர்விழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்கள் யார் என்று உங்கள் வாயால் சொல்ல முடியுமா?”

கலையரசி தமிழில் சொன்னாள். பொன்னி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“வணக்கம்ங்க. நான் பக்கத்து வூட்டுக்காரிங்க. அன்னிக்கி சும்மா ஒத்தாசைக்கு வந்தேன். கூலி கீலி ஒண்ணும் இல்ல... எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஆனா நல்ல பொண்ணு. விடிகாலையிலயே எழுந்து படிக்கும்... கேப்பைக் கூழு ஊத்தினாலும் மூஞ்ச சுளிக்காம குடிக்கும். சளி மட்டும் சீக்கிரம் புடிக்கும், குளிர்ல ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்... நீங்க கூட்டிக்கினு போங்க. நல்லா இருக்கும்.”

பக்கத்து வீட்டுக்காரிக்கு இவ்வளவு தெரியுமா என்று மலர்விழி பல்லைக் கடித்தாள்.

இப்போது கலையரசியின் முறை. அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.  பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னாள்.

“மை மதர்.”

பொன்னிக்கு அந்த இரண்டு வார்த்தையும் புரிந்தது.

“ஏய்... நான் சொன்னத சொல்லுடி!”

கலையரசி நிறுத்தவில்லை. அழுகையும் ஆங்கிலமும் கலந்து கொட்டியது. சோபா அத்தையுடையது, ஃபிரிட்ஜ் அத்தையுடையது, பட்டுப்புடவை அத்தையுடையது, அம்மா மட்டும் என்னுடையவள். அன்றைக்கு ஹெல்ப்பர் என்றபோது நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு எனக்காக என் அம்மா நான் அவள் மகளே இல்லை என்று சொல்கிறாள்... இந்த உதவித்தொகை எனக்கு இல்லை என்றால் இல்லை, ஆனால் அந்த வரியை மட்டும் அழித்துவிடுங்கள்!

வஞ்சிரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஃபிரிட்ஜின் வயர் அன்றைக்கே தொங்கிக்கொண்டுதான் இருந்தது,” என்றார். “வீட்டில் இருந்த ஒரே பிளக்கில் இன்னொரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன்.”

மலர்விழி மெதுவாகத் திரும்பி வயரைப் பார்த்தாள். அது இன்றும் தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கள் ஊரில் எனக்கு உதவித்தொகை கொடுக்க இப்படி வீட்டைப் பார்க்க வந்தபோது, என் அப்பா பக்கத்து வீட்டு மாடுகளை ஓட்டிவந்து எங்கள் கொட்டிலில் கட்டினார். ஏழு மாடு. வந்தவர்கள் மாடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு என் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு வருடம் போனது. அதனால்தான் நான் இரண்டாம் முறை கூப்பிடுகிறேன். ஆனால் முடிவு என் கையில் இல்லை. குழுவிடம் சொல்கிறேன். இன்றைக்கே மெயில் வரும்.” பிறகு, “அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். ஏன் அப்படிச் சொன்னார்?”

கலையரசி கேட்டாள். பொன்னி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“நான் யாருன்றது இங்க எல்லாருக்கும் தெரியும்ங்க. அங்க தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது? எம் பொண்ணு அங்க வந்து சேந்தா போதும்.”

அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கக் கலையரசிக்கு வெகுநேரம் ஆனது.

போனை வைத்ததுதான் தாமதம், மலர்விழி எழுந்தாள். “முடிஞ்சிது! எல்லாம் முடிஞ்சிது! ஆத்தாளும் மகளும் சேந்து என்ன உலகத்து முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டீங்க இல்ல? ஒங்களுக்குப் போயி தூக்கிக்கினு வந்தம்பாரு! டேய் விருத்தா, துரைக்கண்ணுக்குப் போன் பண்ணு. எஞ்சோபா ஒரு நிமிசம் இந்த வூட்ல இருக்கக்கூடாது!”

துரைக்கண்ணு குட்டி யானை டிரைவர். “அஞ்சு நிமிசத்துல வந்துக்கினே இருக்கேன்” என்றான். அதை நம்பி சோபாவைத் தெருவுக்குத் தூக்கிவந்தார்கள்.

இரண்டேகால் ஆனது. மூன்று ஆனது. துரைக்கண்ணு அஞ்சு நிமிடத்திலேயே இருந்தான். சோபா தெரு நடுவில் வெயிலில் பளபளத்தது. ஒரு நாய் வந்து ஏறப் பார்த்தது. மலர்விழி விரட்டினாள். எதிர்வீட்டு அருணா, “இன்னாக்கா, சோபா விக்கிறீங்களா?” என்று கேட்டாள். அவளையும் விரட்டினாள். விருத்தாசலம் முந்நூறு தடவை தெருமுனை வரை போய் வந்தான். கலையரசி போனைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.  பொன்னி வாசலில் நின்று, பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்குப் போன் ‘டிங்’ என்றது.

தெருவே நின்றது போலிருந்தது.

“படி,” என்றாள் பொன்னி. “இந்தத் தரம் ஒரு வரி வுடாம படி.”

கலையரசி படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். “உங்கள் விளக்கத்தைக் குழு ஏற்றுக்கொள்கிறது. முழு உதவித்தொகை வழங்கப்படுகிறது... விமான டிக்கெட்டும், குளிருக்கு உடுப்பும், விடுதியில் அறையும் அலுவலகமே ஏற்பாடு செய்யும்...”

“ஐயோ சாமி!” என்று விருத்தாசலம் மதில்மேல் கைவைத்துச் சாய்ந்தான்.

“இன்னும் இருக்குதுப்பா.” அவள் குரல் தழுதழுத்தது. “முந்தைய அறிக்கையில் ஒரு திருத்தம். அந்த வீட்டில் வேலைக்காரி யாரும் இல்லை. வேலைக்காரி என்று குறிப்பிடப்பட்டவர்... மாணவியின் தாயார்.”

அதற்குமேல் படிக்க எழுத்து தெரியவில்லை. கலையரசி ஓடிவந்து பொன்னியின் காலடியில் விழுந்தாள்.

“பாத்தேம்மா... அன்னிக்கி உன்னப் பாத்தேன்! பாத்துட்டுத்தாம்மா தலையக் குனிஞ்சிக்கினேன்! என்ன அடிம்மா...!”

பொன்னி துடைப்பத்தைக் கீழே போட்டாள். மகளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஐந்து நாளாக எங்கே வைத்திருந்தாளோ, அத்தனையும் வந்தது. “எந்திரிடி... பைத்தியம்... தெருவுல எல்லாம் பாக்கறாங்க...” என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள்.

நின்றபடியே எவ்வளவு நேரம் அழுவது? முட்டி வேறு வலித்தது. இருவரும் அப்படியே பின்னால் நகர்ந்து, எதில் உட்காருகிறோம் என்று பார்க்காமலே உட்கார்ந்தார்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சுரீரென்று சுட்டது.

பொன்னி பதறி எழப் போனாள். “ஐயோ அண்ணி... கவரு...!”

மலர்விழி வந்து அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.  மூக்கை உறிஞ்சினாள். பிறகு சோபாவின் மூலையில் விரலை விட்டு, ஆறு வருடத்துக் கவரை டர்ரென்று கிழித்தாள். ஒரு பக்கம் கிழித்ததும் மறுபக்கம் போனாள். அந்த சோபா மெரூன் நிறம் என்பது தெருவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“சுடுது இல்ல... அதான்,” என்றாள் கரகரத்த குரலில்.

விருத்தாசலத்தைக் காணோம். பத்து நிமிடம் கழித்து வந்தான். கையில் தட்டு, தட்டில் காபி. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவன் போட்ட முதல் காபி. பொன்னி முன்னால் வந்து, மாப்பிள்ளை வீட்டார் முன் நிற்கிற பெண்ணைப் போலக் குனிந்து நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. சொல்லவில்லை. முழுக்கக் குடித்தாள்.

நாலரைக்குத் துரைக்கண்ணு வந்து சேர்ந்தான். போன வியாழக்கிழமை சோபாவை இறக்கும்போது பொன்னி மண்டியில் இருந்தாள். அவன் அவளைப் பார்த்ததில்லை. வண்டியிலிருந்து தலையை நீட்டி மலர்விழியைக் கேட்டான்.

“யாருக்கா அது, சோபாவுல குந்திக்கினு? எழுந்திரிக்கச் சொல்லு, லோடு ஏத்தணும்.”

மலர்விழி இந்த முறை தடுமாறவில்லை.

“அவங்கதான் பொண்ணோட அம்மா,” என்றாள். “வண்டிய ஓரங்கட்டு. அவங்களா எழுந்திரிக்கற வரைக்கும் நில்லு.”